சுவரளவு யானை: துணித் துண்டுகளை ஒட்டி குவில்ட் செய்வது எப்படி

பந்திப்பூரில் நான் படம்பிடித்த கொம்பனின் முகம், பெங்களூர் அல்சூரில் எங்கள் கூடத்துச் சுவரில் ஐந்தடி உயரத்துக்குத் தொங்குகிறது. முழுக்கத் துணித் துண்டுகளால் ஆன குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த அடுக்குத் துணி. முடிக்க ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் ஒரே தவறைத் திருத்துவதில் போனதால், அந்த இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மிஷினில் தைக்கப் பழகியவர்களுக்கான பதிவு இது.

முதலில் படம். கட்டட பிளான் அச்சிடும் ஜெராக்ஸ் கடையில் ஏ-ஜீரோ அளவில் கறுப்பு வெள்ளையாக எடுங்கள். தாள் 33 அங்குல அகலம், 47 அங்குல உயரம் வரும். ஐந்தடிக்கு இரண்டு தாள்களை இணைத்தேன். வெளிச்சமும் நிழலும் பிரியும் இடங்களில் மார்க்கரால் தடித்த கோடு போட்டு, அதன்மேல் காடாத் துணியை விரித்துப் பென்சிலால் படியெடுங்கள். காடாவை முன்பே நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு சுருங்கி, ஒட்டியதையெல்லாம் இழுத்துவிடும்.

துணிக்குச் சிக்பேட்டைக் கட்பீஸ் கடைகளே போதும். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை எனக்குக் கிடைத்த வரம். ஆசிய யானைகள் பலவற்றுக்குக் காதோரமும் தும்பிக்கையும் நிறம் வெளுத்து, இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாய் இருக்கும். சுங்குடிப் புள்ளிகள் அங்கே அப்படியே பொருந்தின.

இனி நான் இடறிய இடம். யானை என்றால் சாம்பல் என்று நினைத்து, சாம்பல் துணிகளாகத் தேடி அடுக்கினேன். கிட்டத்தில் அழகு. எட்டடி தள்ளி நின்றால் முகமே இல்லை, வெறும் தட்டை. எல்லாத் துணியும் நிறத்தில் ஒரே அடர்த்தி! அத்தனையையும் பிரித்தேன்.

இப்போது துணிகளைத் தரையில் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த பிறகே கத்தரியைத் தொடுகிறேன். நேரில் எதிரும் புதிருமாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாக வந்துவிடுவதுண்டு. மிக வெளிர், வெளிர், நடு, அடர், மிக அடர் என ஐந்து பைகளில் பிரித்து வையுங்கள். நிழல் விழும் கன்னத்தில் ஊதா வைக்கலாம், நெற்றியில் மஞ்சள் வைக்கலாம். பை மாறாதவரை யானை யானையாகவே தெரியும். பெரிய பூப்போட்ட துணியில் பூவைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் வெட்டினால் இரண்டு பைக்கு ஆகும்.

கண்ணில் தொடங்குங்கள். மிக அடர் துணியில் பாவை, சுற்றிலும் தேன்நிற வளையம், மேலே மிளகளவு வெள்ளைத் துண்டு. அந்த வெள்ளை உட்கார்ந்ததும் அது உங்களைப் பார்க்கும். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

ஒட்டுவதற்கு, சூடு பட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் இருபக்க ஃபியூசிங்தான் என் தேர்வு. கடையில் ‘ஃபியூசிங்’ என்று மட்டும் கேட்டால் காலருக்கு வைக்கும் ஒருபக்கத்தைத் தருவார்கள், அது உதவாது. துணியின் பின்பக்கம் ஃபியூசிங்கைத் தேய்த்து, காகிதத்தை உரித்து, பிறகு வெட்டுங்கள். முகம் முழுவதும் சரியாக அமையும்வரை காடாவின்மேல் குண்டூசி மட்டும் போதும், அயர்ன் பாக்ஸ் வேண்டாம். மரவேலைப் பசையைத் தொடாதீர்கள். காய்ந்ததும் கல்லாகிவிடும், ஊசி இறங்காது.

அடியில் பின்துணி, நடுவில் பஞ்சு ஷீட், மேலே யானை. கீழ் இரண்டும் நாற்புறமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மிஷினின் பற்களை இறக்கி, துணியை எந்தப் பக்கமும் நகர்த்தித் தைக்க உதவும் டார்னிங் ஃபுட் மாட்டி, 14-ஆம் நம்பர் ஊசியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தோல் சுருக்கங்கள் ஓடும் போக்கிலேயே தையுங்கள்.

பின்சேர்க்கை: பழைய மிஷினில் பற்கள் இறங்கவில்லை என்று பின்னூட்டத்தில் இருவர் எழுதியிருந்தார்கள். கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த ‘சித்தி’ சமூகப் பெண்கள் பழந்துணிகளை வைத்துக் கவந்திப் போர்வை தைப்பது அப்படித்தான். ஆனால் அவர்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வருவார்கள். ஃபியூசிங் இருப்பதால் ஊசி கொஞ்சம் இறுகும், விரலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பட்டுத்துணி கருகியதாகச் சொன்னார். பட்டுக்கும் ஜரிகைக்கும் சூட்டைக் குறைத்து, மேலே பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள்.