ஓப்பன்சீஸில் நீண்ட நிலநடுக்க ஆய்வு: ரேம் நிரம்பாமல் ஓட்டுவது எப்படி?

பத்து மாடிக் கட்டட மாடலை ஓப்பன்சீஸ்பையில் (ஓப்பன்சீஸ் என்ற கட்டமைப்பு ஆய்வு மென்பொருளின் பைத்தான் வடிவம்) போட்டு, நிலநடுக்கப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டுகிறீர்கள். பாதியில் கணினி திணறி நின்றுவிடுகிறதா? ரேம் வாங்கக் கிளம்புவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

படி 1: டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஒரே ஒரு பதிவை ஓட்டுங்கள். தொடக்கத்திலேயே நினைவகம் எகிறி அப்படியே நின்றால், ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ் (கட்டடத்தின் விறைப்பைச் சொல்லும் எண் அட்டவணை) பெரிது. ஓட ஓட ஏறிக்கொண்டே போனால், நீங்கள் சேர்த்து வைக்கும் விடைகள்தான் காரணம். புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 40 விநாடிப் பதிவு, 0.005 விநாடி இடைவெளி என்றால் 8,000 நேரப் படிகள். 500 நோடுகள் (மாடலின் இணைப்புப் புள்ளிகள்), ஒவ்வொன்றுக்கும் 6 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (நகரவோ திரும்பவோ கூடிய திசைகள்). இடப்பெயர்ச்சி மட்டுமே 2.4 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் 192 எம்பி. அதையே சாதாரண பைத்தான் லிஸ்ட்டில் போட்டால் எண்ணுக்குச் சுமார் 32 பைட். 768 எம்பி ஆகிவிடும். இது ஒரு பதிவுக்கு!

படி 2: லிஸ்ட்டில் சேர்ப்பதை விட்டுவிட்டு, ரெக்கார்டர் கட்டளையால் நேராகக் கோப்பில் எழுதுங்கள். மாடிக்கு ஒரு நோடு, ஒரு திசை போதும். உச்ச மதிப்பு மட்டும் வேண்டுமென்றால் என்வலப் ரெக்கார்டர் இருக்கிறது. ஆனால் கவனம்: இரண்டு மாடிகளின் உச்ச இடப்பெயர்ச்சிகளைக் கழித்து டிரிஃப்ட் (அடுத்தடுத்த மாடிகளுக்கு இடையிலான பக்கவாட்டு நகர்வு வித்தியாசம்) எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நொடியில் வருவதில்லை, விடை தப்பாகிவிடும். டிரிஃப்டுக்கு முழு நேர வரிசையையும் எழுதிவிடுங்கள். மாடிக்கு ஒரு நோடு என்பதால் கோப்பு சிறிதாகத்தான் இருக்கும்.

படி 3: ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் வைப் கட்டளையைக் கொடுங்கள். பழைய மாடல் அழியும், ரெக்கார்டர் கோப்புகளும் மூடப்படும். அதற்கு முன்பே கோப்பைப் படித்தால் கடைசி வரிகள் காணாமல் போயிருக்கலாம்.

படி 4: அப்புறமும் ஏறுகிறதா? ஒவ்வொரு பதிவையும் தனி பிராசஸாக ஓட்டுங்கள். பிராசஸ் முடிந்ததும் அது பிடித்து வைத்திருந்த நினைவகம் முழுவதையும் இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஒரு பதிவு கன்வர்ஜ் ஆகாமல் (கணக்கு விடைக்கு வந்து சேராமல்) விழுந்தாலும் மற்றவை பாட்டுக்கு ஓடும்.

சரி, படி 1-இல் மேட்ரிக்ஸ்தான் பிரச்சினை என்று தெரிந்தால், நம்பரரை (சமன்பாடுகளுக்கு வரிசை எண் கொடுக்கும் கட்டளை) ஆர்சிஎம் என்று மாற்றி, அம்ஃப்பேக் போன்ற ஸ்பார்ஸ் சால்வரை (பூஜ்யங்களைச் சேமிக்காமல் சமன்பாடுகளைத் தீர்ப்பது) போடுங்கள். ஃபுல்ஜெனரல் சால்வர் பூஜ்யங்களையும் சேர்த்தே சேமிக்கும். 30,000 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் மாடலுக்கு அது மட்டுமே 7.2 ஜிபி.