வெளிநாட்டில் ‘நம்ம பள்ளி’யைத் தேடும்போது செய்யக்கூடாதவை

எங்கள் வீட்டில் தேவாலயத்துக்குப் ‘பள்ளி’ என்று பெயர். மலையாள வழக்கு அது. ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்குக் கணக்கு எழுத வந்த தாத்தாவோடு மலையேறிய சொல். அப்பா சேலத்தில் தங்கிவிட்டார், எங்கள் தலைமுறைக்கு வாயில் வருவது தமிழ்தான், ஆனால் அந்தச் சொல் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் “பள்ளிக்குப் போகிறேன்” என்றால் சூரமங்கலத்தில் அக்கம்பக்கத்துப் பையன்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இப்போது அக்கா மகள் படிக்க ஜெர்மனிக்குக் கிளம்புகிறாள். “மாமா, அங்கே நம்ம பள்ளி இருக்கிறதா?” என்று கேட்டாள். நானும் இதே கேள்வியோடு போய் அங்கே ஆறு ஆண்டுகள் இருந்தவன். போன இடமெல்லாம் ஒரு தப்புச் செய்தவன். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தப்பு பெயர்ப்பலகையில் தொடங்குகிறது. ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று எழுதியிருந்தால் நம்முடையது என்று நுழைந்துவிடுகிறோம். அந்தப் பெயரை இரண்டு குடும்பங்கள் வைத்திருக்கின்றன. கிரேக்கர், ரஷ்யர், ருமேனியர், செர்பியர், பல்கேரியர், ஜார்ஜியர் ஒரு குடும்பம். காப்டிக் (எகிப்து), அர்மீனிய, சுரியானி, எத்தியோப்பிய, எரித்திரியச் சபைகளும் கேரளத்து வேர்கொண்ட நம் மலங்கரைச் சபையும் இன்னொன்று, ஓரியண்டல் ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் மனிதத்தன்மையையும் எந்தச் சொற்களில் சொல்வது என்று 451-இல் கல்சிதோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் எழுந்த சண்டையில் பிரிந்த பங்காளிகள். 1989-இலும் 1990-இலும் இரு தரப்பு இறையியலாளர்களும் கூடிப் பேசி, சொற்கள் வேறானாலும் நம்பிக்கை ஒன்றே என்று அறிக்கை எழுதினார்கள். ஆக, பேச்சுவார்த்தை வந்துவிட்டது. நற்கருணைப் பந்தி இன்னும் சேரவில்லை.

இது தெரியாமல் நான் ஒரு கிரேக்கக் கோயிலில் நற்கருணை வரிசையில் நின்றேன். அங்கே அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் சேர்த்துக் கரண்டியில் எடுத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். என் முறை வந்தது. பெயரைக் கேட்டார், சொன்னேன். ஆர்த்தடாக்ஸா என்றார், ஆம் என்றேன். எந்தச் சபை என்றார், இந்தியா என்றேன். ஒரு கணம் யோசித்தார். பிறகு கிண்ணத்தைச் சற்றே விலக்கிப் பிடித்து, என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன்.

அவமானத்தோடு பின்வரிசைக்கு வந்தேன். வழிபாடு முடிந்ததும் ஒரு பாட்டி ரொட்டித் துண்டு ஒன்றை நீட்டினார். மறுபடியும் வம்பா என்று கையை ஆட்டி மறுத்துவிட்டேன். அது நற்கருணையே அல்ல. அந்திதோரோன் என்று பெயர், கடைசியில் எல்லாருக்கும் கொடுக்கும் ஆசீர்வதித்த ரொட்டி. விருந்தாளிக்கும் உண்டு. வாங்கக் கூடாததை வாங்கப் போனேன், வாங்க வேண்டியதை மறுத்தேன். எனவே எந்தக் கோயிலானாலும் வழிபாடு தொடங்கும் முன்பே பாதிரியாரிடம் போய், “நான் மலங்கரைச் சபை, ஓரியண்டல் ஆர்த்தடாக்ஸ்” என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும். காப்டிக், அர்மீனிய, எத்தியோப்பியக் கோயில்களில் பந்தி நமக்கும் பொதுதான். அங்கேயும் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

சுரியானிக் கோயிலில் ராகங்கள் நம் குர்பானாவுக்கு, அதாவது நற்கருணை வழிபாட்டுக்கு, மிக நெருக்கம், கண்ணை மூடினால் சேலம்தான். ஆனால் நம் சபையில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய என்னும் இரு தரப்புச் சண்டை, 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஓயாத சண்டை, அங்கே உள்ளவர்களுக்கும் தெரியும். நீங்களாக அதை எடுக்காதீர்கள். கேட்டால் மட்டும் எந்தத் தரப்பு என்று உண்மையைச் சொல்லுங்கள், வாதாடாதீர்கள்.

பந்தி இல்லை என்பதற்காகக் கிரேக்கக் கோயிலை ஒதுக்குவதும் தப்பு. சேலத்தில் குர்பானா நடுவே “ஸ்தௌமென் காலோஸ்” என்று ஒரு குரல் எழும், நாங்கள் “குரியேலாயிசோன்” என்போம். அவை மலையாளம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பொருள் புரியாததற்கு என் மலையாளம்தான் காரணம் என்று சமாதானமும் செய்துகொண்டேன். அந்தக் கிரேக்கக் கோயிலில், ஒரு சொல்லும் விளங்காமல் ஒரு மணி நேரம் நின்றபின், அதே “ஸ்தோமென் காலோஸ்” காதில் விழுந்தது. நன்றாக நிற்போம் என்று பொருளாம். கிரேக்கத்திலிருந்து சுரியானி மொழி வழியாக நம் வாய்க்கு வந்த சொற்கள் இவை. அந்த வாரம் நான் அழுதது ஆசீர்வாதம் வாங்கித் திரும்பியபோது அல்ல, இந்தச் சொல்லைக் கேட்டபோதுதான்.

சைகைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நாம் சிலுவை வரையும்போது இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போகிறோம், அவர்கள் வலத்திலிருந்து இடத்துக்கு. அவர்களைப் பார்த்துக் கையை மாற்ற முயன்றால் நடுவழியில் குழம்பும். நம் வழக்கப்படியே வரையலாம். ரஷ்யக் கோயிலுக்குப் போகும் பெண்கள் தலைக்கு ஒரு துணி எடுத்துச் செல்வது நல்லது. அங்கே பொதுவாக வரிசை வரிசையாக நாற்காலி இருக்காது. இரண்டு மணி நேரம் நிற்கக் கால் வேண்டும்.

மெழுகுவத்தியில் மட்டும் கவனம் தேவை. ருமேனியாவுக்குச் சுற்றுலா போனபோது அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்காக வேண்டிக்கொண்டு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அங்கே இரண்டு தகரப் பெட்டிகள், ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, மற்றொன்று இறந்தவர்களுக்கு. மேலே எழுதியும் இருந்தது, ருமேனிய மொழியில். நான் எதில் வைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு போனில் அம்மாவிடம் சொன்னேன். நீண்ட அமைதி. பிறகு, “சரி விடு, தாத்தாவுக்குச் சேரட்டும். நாளைக்கு அப்பாவுக்கு வேறொன்று ஏற்று” என்றார். ரஷ்யக் கோயில்களில் சிறிய சிலுவை நிற்கும் தாழ்வான மேசை இறந்தவர்களுக்குரியது.

நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024-இல் நமக்கு உயிர்ப்புப் பெருநாளான ஈஸ்டர் மார்ச் 31. கிரேக்கர், ரஷ்யர், காப்டிக், எத்தியோப்பியர் எல்லாருக்கும் மே 5. டிசம்பர் 25 அன்று கேக் கிடைக்கும் என்று எத்தியோப்பியக் கோயிலுக்குப் போனால் அவர்கள் நோன்பில் இருப்பார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அர்மீனியருக்கு ஜனவரி 6.

இவையெல்லாம் போய்ச் செய்த தப்புகள். போகாமல் செய்ததுதான் பெரியது. முதல் எட்டு மாதம் நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. சேலத்தில் காலை எட்டரை மணிக் குர்பானாவைக் கைபேசியில் நேரலையாகப் பார்த்தேன். ஜெர்மனியில் அப்போது கோடை என்றால் ஐந்து மணி, குளிர்காலம் என்றால் நான்கு. போர்வைக்குள் படுத்தபடி பார்ப்பேன். கேமரா இருந்த கோணத்தில் அச்சனைவிட, அதாவது பாதிரியாரைவிட, மின்விசிறி அதிகம் தெரியும். ஆனாலும் இது நம்முடையது, வெளியே உள்ளது எதுவும் நம்முடையது இல்லை என்று ஒரு வீம்பு. முடிந்ததும் தூங்கிவிடுவேன். ஞாயிறு முழுவதும் யாரோடும் பேசாமல் கழியும். சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருப்பவர் கையிலிருந்து நம் கைக்கு வந்து அடுத்தவருக்குப் போகும் அந்தத் தொடுகை நேரலையில் வராது. அர்மீனியக் கோயிலிலும் காப்டிக் கோயிலிலும் அது உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பயணத்துக்கு முன் பார்த்துப் பழக விரும்பினால், சென்னை அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டிய அர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. இப்போது வழிபடச் சபையார் இல்லை, இடத்தைப் பார்க்கலாம்.

போனாலும், முடிந்ததும் நழுவிவிடுவது அடுத்த தப்பு. யாரும் பேசவில்லை என்று அம்மாவிடம் புலம்புவேன். சேலத்தில் சந்தியா நமஸ்காரம் என்னும் மாலை வழிபாடு முடிந்ததும் நண்பர்களோடு தட்டுவடை செட் தின்ன ஓடிய நான், வாசலில் தயங்கி நின்ற எந்தப் புதியவரிடம் நின்று பேசியிருக்கிறேன்? ஒருநாள் மழைக்கு ஒதுங்கி எத்தியோப்பியக் கோயிலின் கூடத்தில் நின்றபோது கையில் தட்டைத் திணித்தார்கள். இஞ்செரா, நன்றாகப் புளித்த மாவில் ஊற்றிய பெரிய தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே காரமான பருப்பு. அடுத்த ஞாயிறு மழை இல்லை, ஆனாலும் போனேன். அதன்பின் ஊர் திரும்பும்வரை அதுவே என் பள்ளி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகள், “செருப்பைக் கழற்ற வேண்டுமா மாமா?” என்றாள். கிரேக்கர், ரஷ்யர் கோயிலில் வேண்டாம். பனிக்காலத்தில் நான் பழக்கதோஷத்தில் கழற்றி வைத்துவிட்டு நின்றதை இன்னும் யாராவது அங்கே சொல்லிச் சிரிப்பார்கள். எத்தியோப்பியர் கோயிலில் நம் ஊர்போலவே வாசலில் கழற்ற வேண்டும். அன்றைக்கு ஓட்டை இல்லாத காலுறையாகப் பார்த்துப் போட்டுக்கொள் என்றேன்.