திருப்புளியை நீங்களே காந்தமாக்கலாம்

கை எட்டாத இடுக்கில் சிறிய திருகைப் பொருத்தும்போது அது நழுவி விழாமல் இருக்க, திருப்புளியின் முனையைக் காந்தமாக்கிக்கொள்வது எளிய வழி. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வலுவான காந்தத்தின் ஒரே துருவத்தால், கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனை வரை எஃகுத் தண்டை ஒரே திசையில் இருபது, முப்பது முறை தேய்க்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் காந்தத்தை நன்றாக உயர்த்தித் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, முன்னும் பின்னுமாக உரசக் கூடாது. எஃகுக்குள் வெவ்வேறு திசைகளை நோக்கிக் கிடக்கும் நுண்ணிய காந்தப் பகுதிகளை ஒருமுகப்படுத்துவதே இதன் நோக்கம் என்பதால், எதிர்த்திசை உரசல் அதுவரை செய்த வேலையைக் கலைத்துவிடும்.

தேனிரும்பு எனப்படும் மென்மையான இரும்பு எளிதில் காந்தமாகி, எளிதில் அதை இழக்கும். கடினப்படுத்திய எஃகோ நெடுநாள் தக்கவைத்துக்கொள்ளும், ஆகவே தரமான திருப்புளியே (அது எப்படியும் வாங்கத்தக்கதுதான்) இதற்கும் ஏற்றது. கீழே போடுவதும் சுத்தியலால் தட்டுவதும் காந்தத்தன்மையைக் குறைக்கும். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியசில் இரும்பு அதை முற்றிலும் இழக்கும் என்றாலும், அந்தச் சூடு எஃகின் கடினத்தன்மையையும் கெடுத்துவிடும் என்பதால், காந்தத்தை நீக்க அதை நாட வேண்டாம். பித்தளை, அலுமினியத் திருகுகளிடம் இந்த உத்தி பலிக்காது. இயந்திரக் கைக்கடிகாரத்துக்கும் இந்தத் திருப்புளி ஆகாது; அதன் மெல்லிய சுருள்வில் காந்தமேறினால் நேரம் தவறும்.