ஈசிஆரில் கடலோர வீடு எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் சென்னையில் பல வீடுகளில் இதே பேச்சுதான்: "ஈசிஆர்ல ஒரு பீச் ஹவுஸ் எடுத்து ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமா?" ஈசிஆர் என்றால் சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. போனில் தேடினால் வீடுகள் வரிசையாக வந்து நிற்கும். நீச்சல் குளம், புல்தரை, ஊஞ்சல், மாடியிலிருந்து கடல். எத்தனை பெட்ரூம், எத்தனை ஏசி, ராத்திரிக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் போட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இப்படிக் கிளம்பிவிடுவோம். நல்ல இடம் அமைந்ததும் உண்டு, நொந்துபோய்த் திரும்பியதும் உண்டு. நொந்த தடவைகளை நினைத்துப் பார்த்தால், வீடு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. முன்னால் இருந்த கரையைப் பற்றித்தான் ஒரு வார்த்தை விசாரித்திருக்க மாட்டோம். நீலாங்கரையில் ஆரம்பித்துப் புதுச்சேரி வரைக்கும் கரை ஒரே மாதிரி கிடையாது. ஓர் ஊரில் அகன்ற மணல் இருக்கும், அடுத்த ஊரில் வெறும் கல்தான் இருக்கும். அதனால் முதலில் கரையை முடிவுசெய்யுங்கள், அப்புறம் மாதத்தை, கடைசியாக வீட்டை. இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் மற்ற தவறுகளெல்லாம் வருகின்றன.

"கடலுக்கு 50 மீட்டர்"

ஒரு வருஷம் புதுச்சேரிக்கு வடக்கே ஒரு வீடு எடுத்தோம். விளம்பரத்தில் கடலுக்கு 50 மீட்டர் என்று போட்டிருந்தது. பொய்யில்லை. சாயங்காலம் பின்பக்கக் கேட்டைத் திறந்தால் சொன்ன தூரத்தில் கடல் இருந்தது, மணல்தான் இல்லை. ஆள் உயரத்துக்குக் கருங்கல்லைக் கொட்டிக் குவித்திருந்தார்கள். ஒவ்வோர் அலையும் கல்லில் அறைந்து மேலே தெறித்தது. கல்லிடுக்கில் நண்டு ஓடியதைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கப் போக, பாசி வழுக்குமே என்று பயந்து இழுத்துப் பிடித்துக்கொண்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கடலில் கால் நனைக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தார். கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இரண்டு நாளும் அதிலேயே உட்கார்ந்திருந்தார். "பரவால்லம்மா, காத்து நல்லா வருதே" என்று அவர் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது.

அந்தக் கல் ஏன் அங்கே வந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களில் புதுச்சேரித் துறைமுக வாயிலில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர்கள் அந்த மணலை மறித்துவிட்டன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தை ஒட்டிய கடற்கரை கரைந்தது. ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம் வரைக்கும் மீனவர்கள் கரையை இழந்தார்கள்.

இதிலிருந்து வீடு தேடுகிறவருக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. வரைபடத்தில் பக்கத்தில் துறைமுகச் சுவரோ கடலுக்குள் நீளும் கல் தடுப்போ தெரிகிறதா பாருங்கள். பொதுவாக அதற்குத் தெற்குப் பக்கம் மணல் இருக்கும், வடக்குப் பக்கம் சந்தேகம். கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய வருஷப் படங்களையும் பார்க்க முடியும். ஐந்தாறு வருஷத்தில் கரை மெலிந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். அப்புறம் வீட்டுக்காரரிடம், "பின்கேட்டிலிருந்து தண்ணி வரைக்கும் நடந்து இன்னைக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். நல்ல கரை உள்ளவர் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். "சார் ஊர்ல இல்ல, வாட்ச்மேனுக்கு போன் இல்ல" என்று இழுத்தால் வேறு வீடு பாருங்கள்.

சாலைக்கு எந்தப் பக்கம் என்பதையும் கேட்க மறந்துவிடுகிறோம். ஈசிஆருக்கு மேற்கே இருக்கும் வீடும் "பீச் ஹவுஸ்" என்ற பெயரில்தான் வாடகைக்கு வருகிறது. கடலுக்குப் போக ஒவ்வொரு தடவையும் வண்டிகள் பறக்கும் அந்தச் சாலையைப் பிள்ளைகளோடு கடக்க வேண்டும். முட்டுக்காடு பக்கம் மேற்கே இருந்தால் உப்பங்கழி தெரியும், அதுவும் அழகுதான், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். இன்னொன்று, விளம்பரப் படத்தில் சூரியன் கடலுக்குள் அஸ்தமிக்கிறது என்று எழுதியிருந்தால் உஷாராகிவிடுங்கள். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், நிலத்தின் பக்கம் மறையும். ஒன்று அது காலைப் படம், இல்லையென்றால் கேரளத்திலோ கோவாவிலோ எடுத்த படம். இரண்டாவது என்றால் மற்ற படங்களையும் நம்ப முடியாது. கோவளம் என்று தேடும்போதும் கவனம் வேண்டும். சென்னைக் கோவளத்துக்குப் போக நினைத்துத் திருவனந்தபுரத்துக் கோவளத்தின் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருப்போம்.

இறங்கலாமா என்று கேட்காமல் இறங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், உயிர் போகிற தவறு. வீட்டுக்குப் பின்னால் கடல் இருக்கிறது என்பதால் அது குளிக்கிற கடல் ஆகிவிடாது. நம் கரை பல இடங்களில் சட்டென்று சரிந்து இறங்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம் என்று நினைப்போம், நாலடி தள்ளி வைத்தால் இடுப்பு. அதோடு அலை கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி பிடித்துக்கொள்ளும். அந்த வழியில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். பார்க்க எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாகப் பொங்கும், நடுவில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். "இங்க அலையே இல்ல" என்று பிள்ளைகளை இறக்குவது அங்கேதான். கல் தடுப்பை ஒட்டிய இடங்களில் இந்த இழுப்பு இன்னும் அதிகம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

வாடகை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரையில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். கடலில் விளையாடியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் இருந்தால், அதற்கென்று ஏற்பாடு உள்ள கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு எடுங்கள். சென்னைக் கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் சுத்தத்தோடு உயிர்காப்பு ஏற்பாட்டையும் பார்த்துத்தான் அந்தச் சான்றைக் கொடுக்கிறார்கள்.

பக்கத்தில் குப்பம் இருக்கிறது, படகும் வலையுமாக இருக்கும், நாற்றம் அடிக்கும் என்று வீட்டைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் குப்பம் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு தடவை தங்கியபோது காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு கரைக்குப் போனோம். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "அக்கா, புள்ளைங்கள அந்தப் பக்கம் எறக்காதீங்க, அங்க இழுக்கும். இந்தாண்ட வாங்க" என்றார். கையால் காட்டிய இடத்துக்கும் நாங்கள் நின்ற இடத்துக்கும் முப்பது அடிகூட இருக்காது. அம்மாவும் அங்கேதான் கால் நனைத்தார். அன்றைக்கு அவரிடமே சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். "பிரைவேட் பீச்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அலை வந்து போகும் கரை எந்த வீட்டுக்காரருக்கும் சொந்தம் கிடையாது. அது மீனவர்கள் தொழில் செய்கிற இடம். நாம் விருந்தாளிகள்.

எந்த மாதம்

நவம்பரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடுவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், புயலும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் பிடிக்கும் என்றால் அந்த மாதமும் அருமைதான். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் போகும், மீன் கிடைக்கும், விலைதான் எகிறும். கத்திரி வெயிலில் கடற்காற்று வீச மதியம் ஆகிவிடும், அதுவரைக்கும் ஏசி இல்லாமல் முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் நான் பரிந்துரைப்பேன். கடல் ஓரளவு அடங்கியிருக்கும், விடிகாலையில் லேசாகக் குளிரும். பங்குனி ஆமைகள் முட்டையிட ராத்திரியில் கரையேறும் காலமும் அதுதான். கடல் பக்கத்து விளக்குகளை ராத்திரி அணைத்துவிடுங்கள். வெளிச்சம் ஆமையை மிரட்டும், பின்னால் பொரித்து வரும் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் வீட்டுப் பக்கம் இழுக்கும்.

வீட்டில் கேட்க வேண்டியவை

இதில் அதிகம் சொல்ல இல்லை. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குளிக்க வருவது எந்தத் தண்ணீர், குடிக்கக் கேன் அவர்கள் தருவார்களா என்று கேளுங்கள். கரன்ட் போனால் ஜெனரேட்டரா இன்வெர்ட்டரா? வெறும் இன்வெர்ட்டர் என்றால் பெரும்பாலும் ஃபேனும் லைட்டும்தான் ஓடும். உப்புக்காற்றில் ஏசி சீக்கிரம் பழுதாகும் என்பதால் எல்லா ஏசியும் ஓடுகிறதா என்று தனியாகக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் வந்தால் நீச்சல் குளத்தின் ஆழம் என்ன, சுற்றி வேலி உண்டா, கதவைப் பூட்ட முடியுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். கடலுக்குப் பயப்படுகிறவர்கள்கூடக் குளத்தை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் அனுப்பி, "இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க, உடனே ஜிபே பண்ணுங்க" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். வீடியோ காலில் வீட்டு வாசலையும் தெருவையும் காட்டச் சொல்லி, அது வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மீதி நேரில்.

ஆபீஸ் முடித்துக் கிளம்பி ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ச் சேருவதையும் நாங்கள் விட்டுவிட்டோம். மதியம் மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருப்போம். பையை இறக்குவதற்கு முன் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு பின்கேட் வழியாகத் தண்ணீர் வரைக்கும் நடந்து பார்ப்போம். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் மீதிப் பணம்.