தீவனத்தில் பூஞ்சை நச்சு: சோதனை மூட்டையருகிலேயே பிசகுகிறது

மூட்டை வாயைப் பிரித்து, மேலாக ஒரு கை அள்ளி, பாலிதீன் கவரில் போட்டு, "இதில் அஃப்ளா இருக்கா பாருங்க" என்று நீட்டுகிறார்கள். அஃப்ளா என்பது அஃப்ளாடாக்சின், பூஞ்சை விடும் நச்சு. தீவனச் சோதனையில் நடக்கும் பெரிய தவறு அந்த ஒரு கைதான். ஆய்வகத்தில் எத்தனை லட்ச ரூபாய்க் கருவி இருந்தாலும் அது அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் சொல்லும், லோடைப் பற்றிச் சொல்லாது.

பூஞ்சை சீராகப் பரவுவதில்லை. ஈரம் பட்ட மூலை, பூச்சி துளைத்த மணி என்று திட்டுத் திட்டாகப் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாட்டுத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதைத்தான் 20 பி.பி.பி. என்கிறோம். ஒரு டன்னுக்கு வெறும் 20 மில்லிகிராம். ஆனால் கெட்டுப்போன நிலக்கடலைப் பருப்பில், கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் என்ற செறிவில்கூட இந்த நச்சை அளந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட அரை கிராம் பருப்பு ஒன்று 10 கிலோவில் கலந்தால் போதும், சராசரி 50 பி.பி.பி. ஆகிவிடும். அது கையில் சிக்கினால் லோடே விஷம் என்று ரிப்போர்ட் வரும். சிக்காவிட்டால் லோடு சுத்தம். இரண்டையும் நம்ப முடியாது.

அதனால் குத்தூசியை எடுங்கள். மேல், நடு, அடி என்று பல மூட்டைகளில் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக 5 கிலோவாவது சேருங்கள். லாரியிலிருந்து இறக்கும்போதே எடுப்பது சுலபம். அப்புறம் சேர்ந்ததை முழுவதும் அரைத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ அனுப்புங்கள். அரைக்காமல் பங்கு பிரித்தால் அந்த ஒரு பருப்பு எந்தப் பங்கில் விழுந்தது என்ற பழைய கதையேதான்.

ஈரமான மக்காச்சோளத்தைப் பாலிதீனில் இறுக்கிக் கட்டி பஸ் பார்சலில் போடாதீர்கள். வழியிலேயே பூஞ்சை வளரும். உலர்த்திவிட்டுக் காகிதப் பையில் அனுப்புங்கள்.

"பூசணமே இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெல்லட் போடும் சூட்டில் பூஞ்சை செத்துவிடும், அது விட்டுப்போன நச்சு அழியாது. ஆகவே பூஞ்சை எண்ணிக்கை குறைவு என்ற ரிப்போர்ட்டை வைத்து நச்சு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டும் வேறு வேறு சோதனை. புற ஊதா விளக்கில் மக்காச்சோளம் பச்சை மஞ்சளாக மின்னுவதும் அப்படித்தான். அந்த மினுக்கம் பூஞ்சை உண்டாக்கும் வேறொரு பொருளால் வருகிறது. சந்தேகத்துக்கு அது போதும், அளவு சொல்ல உதவாது.

பட்டையை வைத்து நச்சைப் பார்க்கும் ஸ்ட்ரிப் கிட் வாங்கும்போது எந்தப் பொருளுக்காகச் செய்தது என்று பாருங்கள். மக்காச்சோளத்துக்கான கிட்டில் புண்ணாக்கைப் போட்டால் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

அஃப்ளாவை மட்டும் கேட்பதும் தவறு. முட்டைக்கோழியின் வாயில் புண் கண்டால் டி-2 என்ற பூஞ்சை நச்சையும் சேர்த்துக் கேளுங்கள். சிறுநீரகம் வீங்கியிருந்தால் ஆக்ரடாக்சின் என்ற பூஞ்சை நச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். எண் கைக்கு வந்த பிறகும் எந்த உயிருக்கு என்று கேட்க வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் அஃப்ளா இருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. முட்டைக்கோழி தாங்கும் அளவை வாத்துக் குஞ்சு தாங்காது.

கறவை மாட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. தின்ற பி1இல் ஒரு சிறு பங்கு மாட்டின் உடலில் அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறி, ஒரே நாளில் பாலுக்கு வந்துவிடும். பாலில் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். அந்தத் தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் அது பாலிலிருந்து போய்விடும். எனவே நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பாலைக் கொண்டுபோனால் அதில் ஒன்றும் தெரியாது. சந்தேகம் வந்த அன்றே, தீவனத்தை மாற்றும் முன் கறந்த பாலில் ஒரு பாட்டில் பிடித்து ஃப்ரீசரில் வையுங்கள்.