ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா: காற்றோட்டத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா மூளையில் தொடங்கும் குரல் கோளாறு. பேச ஆரம்பித்தால் குரல்வளைத் தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்குக் குரல்நாண்கள் இறுக மூடி, சொல்லுக்கு நடுவே குரல் நெரிந்து அறுந்துபோகும். சிலருக்கு நேர்மாறாக, நாண்கள் சட்டென்று திறந்து காற்று வீணாக வெளியேறும். 1871-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ட்ரௌபே இதை விவரித்தார். அதன் பிறகும் வெகுகாலம் இந்த நோயாளிகளிடம் ‘எல்லாம் மனசுதான்’ என்றே சொல்லிவந்தார்கள். அவர்களுடைய அவதியை அளந்து காட்டுவதால்தான், பேசும்போது குரல்நாண்கள் வழியே போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட ஆய்வுகளை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவற்றைக் கவனக்குறைவாகச் செய்யவே கூடாது.

அடிக்கடி காணும் தவறு, சராசரியை மட்டும் எடுத்துக்கொள்வது. இயல்பான குரலில் நொடிக்குச் சுமார் 100 முதல் 200 மி.லி. வரை காற்று போகும். மூடும் வகை நோயாளிக்கு இழுப்பு வரும் கணத்தில் ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுபோகும், அடுத்த கணமே பழையபடி பாயும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் நோயே இல்லாதது போன்ற எண்கூட வரலாம். ஓட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். மூடும் வகையையும் திறக்கும் வகையையும் ஒரே குழுவில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒன்றில் ஓட்டம் விழும், மற்றதில் எகிறும், கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

தசை இறுக்கத்தால் குரல் நெரிபடுபவர்களும் இந்தக் குழுவுக்குள் எளிதில் நுழைந்துவிடுவார்கள். அவர்களுக்குக் குரல் பயிற்சி நன்றாகவே உதவும். காற்றோட்டத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கிசுகிசுக்கும்போதும் சிரிக்கும்போதும் குரல் இளகுகிறதா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘ஆ...’ என்று நீட்டச் சொல்லி அளப்பதோடு நிறுத்துவதும் போதாது. நீட்டும்போது அடங்கியிருக்கும் இழுப்பு, தொடர்ந்து பேசும்போதுதான் முழுதாக வெளிப்படும்.

தமிழ் பேசுபவர்களை அளப்பவர்கள் ஒரு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குரல்நாண்களுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை ஊசி குத்தாமல் மதிப்பிட, வாய்க்குள் சிறு குழாய் வைத்து ‘ப’ ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். உதடு மூடி, நாண்கள் திறந்திருக்கும் அந்த நேரத்தில் வாயின் அழுத்தமும் கீழே உள்ள அழுத்தமும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆனால் நம் பேச்சில் உயிரொலிகளுக்கு நடுவே வரும் ஒற்றைப் ‘ப’, ‘கோபம்’ என்பதில் போலக் குரலோடு ஒலிக்கும். அப்போது நாண்கள் அதிர்ந்துகொண்டே இருப்பதால் அளவு தவறிவிடும். ‘பாப்பா’ போல ஒற்றோடு வரும் சொல்லைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. காற்றோட்டத்தை அளக்க வைக்கும் முகமூடி முகத்தோடு ஒட்டி, கசிவில்லாமல் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். 1984-ல் ஆண்ட்ரூ பிளிட்சர் என்ற மருத்துவர் குரல்வளைத் தசையில், அதைத் தளர்த்தும் போட்டுலினம் நச்சுமருந்தை ஊசியாகப் போட்டதிலிருந்து அதுவே முதன்மைச் சிகிச்சை. ஊசிக்குப் பிறகு ஓட்டம் கூடினால் உடனே வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். ஓரிரு நாளில் மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், மூடும் தசை தளர்ந்து முதல் ஓரிரு வாரம் குரல் காற்றாகக் கசிவது வழக்கம். அப்போது எண் மிக அழகாக உயர்ந்திருக்கும், ஆனால் அந்த நபரால் சத்தமாக ஒரு வார்த்தை பேச முடியாது, தண்ணீர் குடித்தால் புரையேறவும் கூடும். பலன் பொதுவாக மூன்று நான்கு மாதம் நீடிக்கும். அதனால் ஊசிக்கு முன், கசிவு கட்டத்தில், குரல் நிலைத்த பிறகு, பலன் தேயும்போது என நான்கு வேளைகளிலும் அளந்தால்தான் ஒரு முழு சுற்று தெரியும். எத்தனையாவது நாள் அளந்தது என்று எழுதாத எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

மருந்தின் அளவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். போட்டாக்ஸ், டிஸ்போர்ட் இரண்டும் போட்டுலினம் மருந்தின் வணிகப் பெயர்கள்தான், ஆனால் போட்டாக்ஸின் ஒரு யூனிட்டும் டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் சமமல்ல. எந்த மருந்து, எத்தனை யூனிட், ஒரு பக்கமா இரு பக்கமா என்று குறித்துவையுங்கள். அப்புறம், ஃபோனில் பேச முடிகிறதா, கடையில் கேட்டு வாங்க முடிகிறதா என்று நோயாளியிடமே கேட்டு, அந்தப் பதிலைக் காற்றோட்ட எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.