குழந்தையின் கல்லீரல் கட்டி: பயாப்ஸி அறிக்கையைப் படிக்கும் முறை

தாராபுரத்திலோ கோபிச்செட்டிபாளையத்திலோ உள்ள மருத்துவர் குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்படுவதைக் கண்டு ஸ்கேன் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்த பிறகு, கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டைப் பரிசோதித்துப் பெற்றோரின் கைக்குத் தரும் பயாப்ஸி அறிக்கை பெரும்பாலும் ஓரிரு பக்கங்களே இருக்கும். பல மாத சிகிச்சை அதைப் பொறுத்தே அமைவதால், மருத்துவரைப் பார்க்கும் முன் அதைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கட்டியின் பெயரைத் தேடும் முன், மேற்பகுதியில் குழந்தையின் வயது மாதக் கணக்கில் உள்ளதா, ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் (சில கல்லீரல் கட்டிகள் சுரக்கும் புரதம்), அதாவது ஏ.எஃப்.பி., எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தை என்றாலும், குடும்பத்தில் இளவயதிலேயே பெருங்குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சி அல்லது புற்றுநோய் வந்தவர்கள் இருந்தாலும், அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டுமே ஹெபடோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவக் கல்லீரல் புற்றுடன் தொடர்புடையவை.

ஏ.எஃப்.பி. அளவைத் தனியாக வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பிறந்த குழந்தைக்கு அது இயல்பாகவே ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருந்து, முதல் ஆண்டில் படிப்படியாக இறங்கும். ஆகவே இரண்டு மாதக் குழந்தையின் உயர்ந்த அளவு மட்டும் புற்றுக்குச் சான்றாகாது. மறுபுறம், ஹெபடோபிளாஸ்டோமா உள்ள குழந்தைக்கு அளவு 100 நானோகிராமுக்கும் கீழே இருந்தால் அது ஆறுதல் தரும் செய்தி அன்று. கட்டி கடுமையானதாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது.

பிறகு பெயர். குழந்தைகளின் கல்லீரலில் வரும் புற்றுக்கட்டிகளில் ஹெபடோபிளாஸ்டோமாவே அதிகம். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வரும். அதன் கீழ் ஃபீட்டல் (கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் செல்களைப் போன்றது), எம்பிரியோனல் (அதைவிட முந்தைய நிலை) என்று செல்களின் வளர்ச்சி நிலை குறிக்கப்படும். எலும்பைப் போன்ற திசுவும் கலந்திருந்தால் கலப்பு வகை என்று எழுதுவார்கள். நன்கு முதிர்ந்த ஃபீட்டல் வகையில், கட்டி முழுவதையும் கீமோதெரபிக்கு முன்பே அகற்ற முடிந்தால் அறுவை சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஊசியால் எடுத்த சிறு துண்டை வைத்து அதை உறுதிப்படுத்த முடியாது. சிறிய, வேறுபாடற்ற செல்கள் என்று எழுதியிருந்தால், ஐ.என்.ஐ.1 சாயப் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் புரதம் செல்களில் இல்லையென்றால் அது ராப்டாய்ட் கட்டி என்ற வேறொரு கடுமையான புற்றாக இருக்கலாம். அதன் சிகிச்சையே வேறு.

ஆறு முதல் பத்து வயதுக் குழந்தைக்கு ஏ.எஃப்.பி. இயல்பாக இருந்து பெரிய கட்டி இருந்தால் எம்பிரியோனல் சார்கோமா என்ற வேறொரு புற்றை நினைக்க வேண்டும். வளரிளம் பருவத்தில் ஃபைப்ரோலமெல்லர் என்ற கல்லீரல் புற்று வகை வரலாம். எல்லாக் கட்டியும் புற்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். கைக்குழந்தைகளின் ஹீமாஞ்சியோமாவும் மெசன்கைமல் ஹமார்டோமாவும் தீங்கற்றவை.

பிரீடெக்ஸ்ட் என்ற 1 முதல் 4 வரையிலான எண்ணைப் பயாப்ஸி அறிக்கையில் தேட வேண்டாம். கல்லீரலின் எத்தனை பகுதிகளில் கட்டி பரவியுள்ளது என்று ஸ்கேனைப் பார்த்துத் தரும் எண் அது.

இவ்வளவு அரிய கட்டிக்கு, குழந்தைகளின் கட்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் இன்னொரு நோய்க்குறியியல் வல்லுநரின் கருத்தையும் பெறுவது நல்லது. அதற்கு அறிக்கையின் நகல் மட்டும் போதாது. சாயமேற்றிய ஸ்லைடுகளையும் கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஆய்வகத்தில் கையெழுத்திட்டு வாங்குங்கள். அந்த மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும் என்பதால், சித்திரை வெயிலில் ஈரோட்டிலிருந்து புறப்பட்டாலும் பூட்டிய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடாமல், கெட்டியான பெட்டியில் போட்டுக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.